11 கோடியே 78 லட்சம் மில்லிமீட்டர்

கெமிக்கல் இன்ஜினீயரிங் சிமுலேஷன் லேப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்



போன வாரம் ப்ராஜெக்ட் ரிவ்யூவில் உங்களில் ஒருவர் நீட்டிய தாளைப் பார்த்துவிட்டு நான் சற்று நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபமில்லை, இலக்கங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். 20 டிகிரியில் தண்ணீரின் ஆவியழுத்தம் 11 கோடியே 78 லட்சம் மில்லிமீட்டர் பாதரசம் என்று அதில் இருந்தது. 50 டிகிரியிலும் அதே 11 கோடியே 78 லட்சம். 100 டிகிரியில் மட்டும் 760, அச்சு அசலாக. “கடைசி வேல்யூ கரெக்டா வந்துச்சு மேடம், அதனால மேல இருக்கறதைப் பார்க்கல” என்று பதில் வந்தது. கணக்குப் போட்ட மேட்லாப் மென்பொருள் ஓர் எர்ரர்கூடக் காட்டவில்லையாம். சிவப்பு எழுத்து வராவிட்டால் தப்பே இல்லை என்று நம்பும் பழக்கம் நான் பார்த்த எல்லா பேட்சுக்கும் உண்டு.

அந்தப் பிள்ளையின் பெயர் இந்த மடலில் வராது. அன்று மாலை எல்லாருடைய புரோகிராமையும் திறந்து பார்த்தேன். முக்கால்வாசிப் பேர் செய்திருப்பது அதே காரியம்தான். 40 சேர்மங்களுக்கான சூத்திரங்கள் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில், வரிக்கு ஒன்றாக இருக்கின்றன. ஒவ்வொரு வரியையும் ஸ்ட்ரிங்காக எடுத்து, லூப்புக்குள் ‘ஈவால்’ போட்டு விடை வாங்கியிருக்கிறீர்கள். வேலை நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் ஃபைலில் இருக்கும் சூத்திரம் புரோகிராமுக்குள் காலடி வைக்கும்போதே, வாசலிலேயே, ஒரே தடவை ஃபங்ஷனாக மாறிவிட வேண்டும், அந்த இடத்திலேயே அதற்குச் சோதனையும் நடந்துவிட வேண்டும் என்பது என் கட்சி. ஸ்ட்ரிங்காகவே உள்ளே விட்டால் அது எந்த அறையில் எப்போது என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

முதலில் அந்த 11 கோடி எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். ஃபைலில் இருந்த வரி இது. (இந்த மடலில் எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். மேட்லாப் தன் வேரியபிள் பெயர்களில் தமிழை ஏற்காது, அடிக்கும்போது மாற்றிக்கொள்ளுங்கள்.)

10^(8.07131 - 1730.63/(233.426 + டி))

உங்களுக்கு மனப்பாடமான ஆண்டோயின் ஈக்குவேஷன்தான். 1888இல் ஒரு பிரெஞ்சுக்காரர் கொடுத்தது, இன்றைக்கும் டிஸ்டிலேஷன் கணக்கு அதில்தான் தொடங்குகிறது. இந்த மூன்று எண்களும் தண்ணீருக்கு உரியவை. 1 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை செல்லும். ஒற்றை எண்ணாக 100 கொடுத்தால் 760 வரும், 20 கொடுத்தால் 17.5 வரும். நம் ஆள் கொடுத்தது 20, 50, 100 என்று நெட்டுக்கு அடுக்கிய மூன்று எண்களை. முதலில் எர்ரர் வந்திருக்கிறது, ‘^’ குறிக்கு இப்படி வரிசையாகக் கொடுக்க முடியாது என்று. உடனே அதற்கு முன்னால் ஒரு புள்ளி வைத்து ‘.^’ ஆக்கியிருக்கிறார். எர்ரர் போய்விட்டது. ‘/’ குறிக்கு அவர் புள்ளி வைக்கவில்லை, அதைப் பற்றி மேட்லாப் எதுவும் முணுமுணுக்கவில்லையே!

மேட்லாப்பில் புள்ளியில்லாத ‘/’ என்பது நாம் நினைக்கிற வகுத்தல் அல்ல. மேட்ரிக்ஸ் வகுத்தல் அது. சமன்பாடுகளைத் தீர்க்கிற குறி. ஓர் எண்ணை மூன்று எண்கள் அடங்கிய நெட்டு வரிசையால் வகுக்கச் சொன்னால், “இந்த மூன்றையும் எவற்றால் பெருக்கிக் கூட்டினால் அந்த எண் வரும்?” என்று கேட்பதாக அது புரிந்துகொள்கிறது. ஒரே சமன்பாடு, தெரியாதவை மூன்று. விடைக்குக் கணக்கே இல்லை. அவற்றில் ஒன்றை மேட்லாப் எடுத்துத் தருகிறது: வரிசையில் இருப்பதிலேயே பெரியதை வைத்து வகுத்துவிட்டு, மற்ற இடங்களில் பூஜ்யம் போட்டுவிடுகிறது. மூன்றில் பெரியது 233.426 + 100. ஆகவே 100 டிகிரிக்கு மட்டும் நல்ல விடை. மற்ற இரண்டிலும் பூஜ்யத்தைக் கழித்ததால் 10இன் அடுக்காக 8.07131 அப்படியே நின்றுவிட்டது. 11 கோடியே 78 லட்சம் என்பது அதன் மதிப்பு.

லேப்டாப்பில் மேட்லாப்புக்குப் பதில் ஆக்டேவ் வைத்திருப்பவர்கள் அதே வரியை அதில் ஓட்டிப் பாருங்கள். எண்ணற்ற விடைகளில் ஆக்டேவ் வேறொன்றைப் பொறுக்கும். 20 டிகிரிக்கு 22 லட்சத்துக்கு மேல், 50க்கு 14 லட்சம், 100க்கு ஆறரை லட்சம். மூன்றும் தப்பு. அது எவ்வளவோ தேவலை, பார்த்த உடனே சந்தேகம் வந்திருக்கும். மேட்லாப்பின் விடையில் கடைசி வரி சரியாக இருந்ததுதான் வினை. ஆனாலும் ஒரு தடயம் இருந்தது: உள்ளே நெட்டுக்கு நின்ற எண்கள் விடையில் குறுக்கே படுத்திருந்தன. நிற்க வைத்து அனுப்பியது படுத்துக்கொண்டு திரும்பி வந்தால் விசாரியுங்கள்.

நன்னூல் சூத்திரத்துக்கு இலக்கணம் சொல்லும்போது கண்ணாடியை உவமையாகச் சொல்கிறது. சிறிய கண்ணாடிக்குள் பெரிய உருவம் அடங்குவதுபோல, சில எழுத்துக்குள் பல பொருள் செறிந்திருக்க வேண்டும் என்பது கருத்து. தமிழாசிரியர் வகுப்பில் கேட்டதை நான் மறக்கவில்லை. அந்தக் காலத்துச் சூத்திரத்துக்கு உரையாசிரியர் இருந்தார். செறிந்து கிடந்ததை அவர் விரித்துச் சொன்னார். உங்கள் டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கும் சூத்திரத்துக்கு உரை எங்கே? டி என்பது செல்சியஸா கெல்வினா, விடை மில்லிமீட்டரா பாஸ்கலா, லாக் என்றால் 10 அடிமானமா இயல்பு அடிமானமா, எந்த வெப்பநிலை வரை செல்லும்? எழுதியவர் மண்டையில் எல்லாம் இருந்தது, ஃபைலுக்கு வரவில்லை.

லாக் விஷயத்தில் நானே வழுக்கி விழுந்தவள். 1999இல் என் முதுகலை ப்ராஜெக்ட். இதே தண்ணீர், இதே மூன்று எண்கள். 10இன் அடுக்கு என்று போட வேண்டிய இடத்தில் கை பழக்கத்தில் ‘எக்ஸ்ப்’ என்று போட்டுவிட்டேன். 100 டிகிரிக்கு 17.83 என்று வந்தது. தண்ணீருக்குப் பதினேழரை என்று ஏதோ டேபிளில் பார்த்த ஞாபகம் இருந்ததால் ஆனந்தமாக எழுதிக்கொண்டு போனேன். அந்தப் பதினேழரை 20 டிகிரிக்கு உரியது. என் கைடு தாளைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: “ஏம்மா, உங்க வீட்டுல தண்ணி எத்தனை டிகிரியில கொதிக்கும்?” அந்த ஒரு கேள்வியை நான் இன்னும் உங்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த மடலின் பின்பகுதியில் அது ஃபைலுக்குள்ளேயே வந்து உட்காரப் போகிறது.

சூத்திரத்தை எதற்காக ஃபைலில் வைக்க வேண்டும், புரோகிராமிலேயே எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. இரண்டு மூன்று சூத்திரம் என்றால் புரோகிராமிலேயே எழுதுங்கள், புண்ணியமாகப் போகும். ஆனால் 40 சேர்மம் என்றால், அதில் பாதி வேறொருவர் கர்வ் ஃபிட்டிங் செய்து அனுப்புவது என்றால், அடுத்த மாதம் புது டேட்டா வந்து எண்கள் மாறும் என்றால், ஒவ்வொரு தடவையும் புரோகிராமைத் திறந்து கை வைப்பது ஆபத்து. மேட்லாப் தெரியாத எக்ஸ்பெரிமென்ட் கோஷ்டிகூட நோட்பேடில் ஒரு வரியை மாற்றிவிட முடிய வேண்டும். சூத்திரம் அவர்கள் சொத்து, புரோகிராம் உங்கள் சொத்து.

மனிதர் எழுதுகிற மாதிரியே சூத்திரத்தை எழுதினால் மிஷின் அதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது பழைய ஆசைதான். 1957இல் வந்த ஃபோர்ட்ரானின் பெயரே சூத்திர மொழிபெயர்ப்பு என்ற சொற்களின் சுருக்கம். 1970களின் கடைசியில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் கிளீவ் மோலர், தன் மாணவர்கள் ஃபோர்ட்ரான் எழுதாமலேயே லின்பேக், ஐஸ்பேக் என்ற மேட்ரிக்ஸ் தொகுப்புகளைப் பயன்படுத்தட்டும் என்று எழுதியதுதான் முதல் மேட்லாப். மேட்ரிக்ஸ் லேபரட்டரி. அங்கே பிறந்ததால்தான் ‘*’, ‘/’, ‘^’ மூன்றும் முதலில் மேட்ரிக்ஸுக்குச் சொந்தம், சாதா எண் வரிசைகளுக்குப் புள்ளி வைத்த குறிகள். உங்கள் 11 கோடிக்கு வேர் அங்கே இருக்கிறது.

ஆக்டேவ் நம் வீட்டுப் பிள்ளை என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கெமிக்கல் ரியாக்டர் டிசைன் பாடப்புத்தகம் ஒன்றுக்குத் துணை மென்பொருளாக அதை நினைத்தார்கள். 1992இல் ஜான் ஈட்டன் முழுநேரமாக எழுதத் தொடங்கினார். இசையில் வரும் ஆக்டேவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் ரியாக்ஷன் இன்ஜினீயரிங் புத்தகத்தின் அட்டையில் இருக்கிறாரே ஆக்டேவ் லெவன்ஸ்பீல், அவர் பெயர். கிடைத்த துண்டுக் காகிதத்தில் மடமடவென்று தோராயக் கணக்குப் போட்டு விடை சொல்வதில் பெயர் பெற்ற மனிதர். அவர் பெயரில் இருக்கும் மென்பொருளில் நாம் தோராயம்கூடப் பார்க்காமல் எண்களை நம்புகிறோம்.

ஈவாலுக்கு வருகிறேன். அது செய்வது எளிமையானது: ஸ்ட்ரிங்கில் என்ன இருக்கிறதோ, அதை நீங்கள் கீபோர்டில் அடித்ததாகவே வைத்துக்கொண்டு ஓட்டிவிடும். சூத்திரம் இருந்தால் கணக்கிடும். ஃபைலை அழிக்கும் கட்டளை இருந்தால் அழித்துவிடும். பென் டிரைவில் வந்த ஃபைல், வாட்ஸ்அப்பில் வந்த ஃபைல் என்று வித்தியாசம் பார்க்காது. ஆனால் நம் லேபில் எனக்கு அந்தப் பயம் இரண்டாம் பட்சம். 1,000 ஸ்டெப் ஓடும் சிமுலேஷனில் 40 சூத்திரத்துக்கும் ஈவால் போட்டால், மாறாத அதே 40 வரிகளை மேட்லாப் 40,000 தடவை எழுத்துக்கூட்டிப் படிக்கிறது. எர்ரர் வந்தால் 700ஆவது ஸ்டெப்பில் வருகிறது, ஃபைலின் எந்த வரி என்று சொல்லாது. எல்லாவற்றையும்விட, ஈவாலுக்குள் இருக்கும் ‘டி’ எந்த டி என்று வரியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் டி என்ற பெயரில் எது கிடக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். நேரத்தை நீங்கள் டி என்று பெயரிட்டிருந்தால் வெப்பநிலை இருக்க வேண்டிய இடத்தில் நேரம் போய் உட்காரும். இதையும் ஒருவர் செய்திருக்கிறீர்கள்.

ஃபங்ஷன் என்றால் இந்தச் சந்தேகம் இல்லை. யாரைக் கூப்பிடுகிறோம் என்று பத்திரிகையிலேயே பெயர் அடித்துவிடுகிறோமே, கல்யாண ஃபங்ஷனுக்கு, அதே போலத்தான் இந்த ஃபங்ஷனும்: உள்ளே வரும் வேரியபிள்களின் பெயர் வாசலிலேயே எழுதியிருக்கும். மேட்லாப்பில் அதன் உருவம் இது.

@(டி) 10.^(8.07131 - 1730.63./(233.426 + டி))

‘@’ குறியும் அடைப்புக்குள் பெயரும் சேர்ந்தால் அனானிமஸ் ஃபங்ஷன். ஃபங்ஷனைத் தூக்கிக் கொடுக்க உதவும் கைப்பிடியான ஃபங்ஷன் ஹேண்டில் 2000இல் மேட்லாப் 6உடன் வந்தது, இந்த ஒற்றை வரி உருவம் 2004இல் மேட்லாப் 7உடன். என் ப்ராஜெக்ட் காலத்தில் ‘இன்லைன்’ என்று ஒன்று இருந்தது. பழைய சீனியர்களின் புரோகிராமில் அதைப் பார்ப்பீர்கள், பார்த்துவிட்டுப் பேசாமல் இந்த உருவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இனி ஃபைலில் இருப்பதை இப்படி ஆக்குவது எப்படி? சூத்திரத்தை ஸ்ட்ரிங்காக எடுத்து, அதன் தலையில் ‘@(டி)’ என்பதை ஒட்டி, ‘ஸ்ட்ர்2ஃபங்க்’ என்ற கட்டளையிடம் கொடுத்தால் ஹேண்டில் திரும்ப வரும். அவ்வளவுதான் மந்திரம். 40 ஹேண்டில்களையும் சாதாரண வரிசையில் அடுக்க முடியாது. நெளிவு அடைப்புப் போட்ட செல் வரிசையில் வையுங்கள். பிறகு ஏழாவது சேர்மம் வேண்டுமென்றால் ஏழாவது அறையில் இருப்பதை எடுத்து, அடைப்புக்குள் 20 என்று கொடுத்துக் கூப்பிட வேண்டியதுதான்.

இதற்கு உடனே கிடைக்கிற லாபத்தைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு ருசிக்காது. ஹேண்டிலை மற்ற ஃபங்ஷன்களிடம் தூக்கிக் கொடுக்கலாம். ஊட்டி மாதிரி உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 580 மில்லிமீட்டர்தான். அங்கே தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்? தண்ணீர் ஹேண்டிலிலிருந்து 580ஐக் கழித்து இன்னொரு சின்ன ஃபங்ஷன் ஆக்கி, ‘எஃப்சீரோ’விடம் 90 பக்கமாகத் தேடச் சொன்னால் 92.6 என்று சொல்லிவிடும். ஸ்ட்ரிங்கை வைத்துக்கொண்டு இதைச் செய்து பாருங்கள், வெறுத்துப் போகும். எஃப்சீரோ ஒவ்வோர் எண்ணாகக் கேட்கும், ‘இன்டெக்ரல்’ கத்தையாகக் கேட்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புள்ளி வைக்காத சூத்திரம் முன்னதில் ஓடும், பின்னதில் விழும். “நேத்து வரைக்கும் ஓடுச்சு மேடம்” என்று நீங்கள் சொல்வதில் பாதி இந்த வகை.

ஃபைல் எழுதுகிறவரிடம் புள்ளி வைக்கச் சொல்லாதீர்கள். அவருக்கு அது தேவையில்லாத தலைவலி. ‘வெக்டரைஸ்’ என்ற கட்டளை ஸ்ட்ரிங்கில் உள்ள ‘*’, ‘/’, ‘^’ மூன்றுக்கும் முன்னால் புள்ளி வைத்துக் கொடுக்கும். வாசலில் அதைச் செய்துவிடுங்கள். உண்மையிலேயே மேட்ரிக்ஸ் பெருக்கல் வேண்டிய சூத்திரம் இருந்தால் மட்டும் அதைத் தனி ஃபைலில் வையுங்கள். நம் 40இல் அப்படி ஒன்றும் இல்லை. வெப்பநிலை, மோல் பின்னம் என்று இரண்டு வேரியபிள் வரும் சூத்திரத்தில், ஒன்றை நெட்டுக்கும் மற்றதைக் குறுக்குக்கும் கொடுத்தீர்களானால் புள்ளி வைத்திருந்தாலும் 2016க்குப் பிந்தைய மேட்லாப் சத்தமில்லாமல் ஒரு முழு டேபிளை விரித்துக் கொடுக்கும். கேட்டுச் செய்தால் அது வரம்.

ஸ்ட்ர்2ஃபங்க் விஷயத்தில் பல பேர் முட்டிக்கொண்ட இடம் ஒன்று உண்டு. புரோகிராமில் ‘ஆர் = 8.314’ என்று எழுதியிருப்பீர்கள், ஃபைலில் உள்ள சூத்திரத்தில் ஆர் வரும். ஸ்ட்ர்2ஃபங்க் செய்த ஹேண்டிலுக்கு உங்கள் ஆர் கண்ணுக்குத் தெரியாது. அது வெளியே பிறந்த பிள்ளை. கூப்பிடும்போது ஆர் யார் என்று கேட்கும். அதையே புரோகிராமில் நேராக ‘@’ போட்டு எழுதினால் தெரியும், ஆனால் ஃபோட்டோ பிடித்த மாதிரி. ஹேண்டில் பிறந்த நொடியில் ஆர் என்னவாக இருந்ததோ அது உறைந்துவிடும், பிறகு நீங்கள் ஆரை மாற்றினாலும் ஃபோட்டோ மாறாது. என் வழி இது: ஃபைலிலிருந்து வருவதை ‘@(டி, ஆர்)’ என்று இரண்டு பெயருடன் செய்துகொள்ளுங்கள், அடுத்த வரியிலேயே ஆரின் மதிப்பைப் போட்டு ‘@(டி)’ என்று ஒற்றைப் பெயருக்கு இறக்கிக்கொள்ளுங்கள். எந்த ஆர் என்பது அந்த வரியில் எழுத்தில் இருக்கும். 8.314ஆ, லிட்டர்-மில்லிமீட்டர் கணக்கில் வரும் 62.36ஆ என்ற சண்டையையும் அங்கேயே முடித்துவிடலாம்.

பெயர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஆக்டிவிட்டி கோஎஃபிஷியன்டுக்கு நாம் காமா என்கிறோம். மேட்லாப்பில் காமா என்பது ஏற்கெனவே இருக்கும் கணித ஃபங்ஷன், பீட்டாவும் அப்படியே. வேரியபிள் பட்டியலில் காமாவை எழுத மறந்தால், ஃபங்ஷனைக் கூப்பிட்டுவிட்டு உள்ளே எதுவும் கொடுக்கவில்லை என்று மேட்லாப் சண்டைக்கு வரும். சண்டை நல்லது. சண்டை போடாமல் கெடுப்பது ஜே. மாஸ் டிரான்ஸ்ஃபரில் சில்டன்-கோல்பர்ன் ஜே ஃபேக்டர் படித்தீர்களே, அதைப் பட்டியலில் எழுத மறந்தால் மேட்லாப் ஜே என்பதைக் கற்பனை எண்ணாக, மைனஸ் ஒன்றின் வர்க்கமூலமாக எடுத்துக்கொண்டு, கணக்கை முடித்து, காம்ப்ளெக்ஸ் விடையைக் கையில் கொடுத்துவிடும். ஐயும் அப்படித்தான். இதைத் தடுக்க ‘சிம்வார்’ என்ற கட்டளையை நம்பாதீர்கள். சூத்திரத்தில் உள்ள பெயர்களை அது பொறுக்கித் தரும், ஆனால் ஐ, ஜே இரண்டையும் விட்டுவிடும். நாமே ரெகுலர் எக்ஸ்பிரஷன் போட்டு எல்லாப் பெயரையும் பொறுக்கி, அனுமதிப் பட்டியலோடு ஒப்பிடுவதே உத்தமம். எக்ஸ்ப், லாக், லாக்10, ஸ்கொயர் ரூட், இன்னும் இரண்டு மூன்று. இவற்றோடு அந்த வரி அறிவித்த வேரியபிள்கள். வேறு எந்தப் பெயர் கண்ணில் பட்டாலும் ஃபைலின் எத்தனையாவது வரி என்று சொல்லி நிறுத்திவிட வேண்டும். ஃபைலை அழிக்கும் கட்டளை எவராவது வைத்திருந்தாலும் இந்த வலையில் சிக்கிவிடும்.

எக்செலிலிருந்து வெட்டி ஒட்டுகிறவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. செல்லில் ‘=-2^2’ என்று அடித்துப் பாருங்கள்: 4. மேட்லாப்பில் -2^2 என்பது -4. எக்செல் மைனஸை முதலில் எண்ணோடு ஒட்டிக்கொள்கிறது, மேட்லாப் அடுக்கை முதலில் பார்க்கிறது. எக்ஸ்ப்புக்குள் மைனஸ் எக்ஸ் ஸ்கொயர் வரும் சூத்திரத்தில் எக்ஸ் 2 என்றால் மேட்லாப் 0.0183 சொல்லும், எக்செல் 54.6 சொல்லும். எழுத்துக்கு எழுத்து ஒன்றான சூத்திரம். பைத்தானுக்குக் கொண்டுபோனால் ‘^’ அடுக்கே அல்ல, பிட்களை ஒப்பிடும் குறி; 2^3 என்றால் 1 வரும். வேர்டிலிருந்து ஒட்டினால் கழித்தல் குறி நீளக் கோடாக மாறியிருக்கும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. போன செமஸ்டரில் அந்த ஒரு கோட்டுக்காக நானும் இரண்டு பிள்ளைகளும் ஒரு மதியச் சாப்பாட்டை விட்டோம். வாசலில் நீளக் கோட்டைக் குட்டைக் கோடாக்கும் ஒரு வரி, ஓரத்து இடைவெளிகளைச் சீவும் ஒரு வரி, நோட்பேட் சில சமயம் ஃபைலின் தலையில் சொருகும் கண்ணுக்குத் தெரியாத குறியை நீக்கும் ஒரு வரி. மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டால் சாப்பாட்டு நேரம் மிஞ்சும்.

சிம்பாலிக் டூல்பாக்ஸ் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். இருக்கிறது. ஸ்ட்ரிங்கைச் சிம்பாலிக் கோவையாக்கி, பிறகு ‘மேட்லாப்ஃபங்ஷன்’ கட்டளையால் ஹேண்டில் வாங்கலாம். நடுவில் வகைக்கெழு எடுக்க வேண்டுமென்றால் அதைவிட நல்ல வழி கிடையாது. ஆவியழுத்தச் சூத்திரத்தை வகைப்படுத்திக் கிளாப்பெய்ரான் வழியாக லேட்டன்ட் ஹீட் கண்டுபிடிக்க அதைத்தான் நான் பயன்படுத்துவேன். வெறுமனே கூப்பிட மட்டும் என்றால் தேவையில்லை, காசு கொடுத்து வாங்கும் டூல்பாக்ஸ் அது.

கடைசியாக, கைடு கேட்ட கேள்வி. ஃபைலின் ஒவ்வொரு வரியையும் இனி இப்படி எழுதுங்கள்.

தண்ணீர் | டி | 10^(8.07131 - 1730.63/(233.426 + டி)) | செல்சியஸ், மில்லிமீட்டர் | 1, 100 | 100, 760

பெயர், வேரியபிள், சூத்திரம், அலகு, எல்லை. ஆறாவதாக இருப்பதற்கு நான் சாட்சி என்று பெயர் வைத்திருக்கிறேன்: இந்த வெப்பநிலையில் இந்த விடை வர வேண்டும் என்று வெளியிலிருந்து, டேட்டா புத்தகத்திலிருந்து எடுத்த ஒரு ஜோடி எண். சூத்திரத்தில் போட்டு வந்த விடையையே சாட்சியாக எழுதாதீர்கள், அது தனக்குத் தானே சாட்சி சொல்வது. புரோகிராம் தொடங்கும்போது 40 ஹேண்டில்களையும் செய்து, உடனே ஒவ்வொன்றையும் அதன் சாட்சியோடு கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். அரை சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்த வரியைச் சொல்லிவிட்டு நின்றுவிட வேண்டும். ஒற்றை எண்ணாக ஒரு தடவை, மூன்று எண்ணாக நெட்டுக்கு அடுக்கி ஒரு தடவை. இரண்டாவதில் அதே எண் மூன்று முறை நெட்டுக்கே திரும்ப வந்தாக வேண்டும். இந்தச் சோதனை இருந்திருந்தால் அந்த 11 கோடி ரிவ்யூ வரைக்கும் வந்திருக்காது. வாசலிலேயே, ஒரு விநாடிக்குள், குறுக்கே படுத்துக்கொண்டு மாட்டியிருக்கும். நான் போட்ட 17.83உம் மாட்டியிருக்கும்.

எத்தனை வேலை என்று முனகுவது கேட்கிறது. வாசல் புரோகிராம் 60 வரிக்கு மேல் போகாது, ஒருவர் எழுதினால் எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு நான் மார்க் குறைக்க மாட்டேன். சாட்சி எண்களை மட்டும் ஆளுக்கு நாலாகப் பிரித்துக்கொண்டு, லைப்ரரியில் உட்கார்ந்து, புத்தகத்தின் பக்க எண்ணோடு எழுதி வாருங்கள். திங்கட்கிழமை லேபில் 40 வரியையும் சேர்த்து ஓட்டிப் பார்ப்போம். 31ஆவது வரி, டொலுவீன், என் பழைய நோட்டிலிருந்து நீங்கள் எடுத்தது. அதைக் குறித்து வைத்தபோது எந்தப் புத்தகம் என்று நான் எழுதவில்லை. முதலில் அதைச் சோதியுங்கள்.

அன்புடன்,
உங்கள் லேப் மேடம்